உள்ளேயிருந்து 'குழப்பமில்லை' என்று குரல் வந்தால்

லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லோருக்கும் முட்டி போயிருக்கும். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஓடாத லிஃப்டிடம் போய்ச் சேர்வதற்குப் படி ஒன்றுதான் வழி. ஊரார் ஏறாமல் விட்ட படிகளையெல்லாம் அவர்களுக்காக நாம் ஏறித் தீர்க்கிறோம். என் முட்டியும் அப்படித்தான் தேய்ந்தது. இன்னும் சில வருடம் பாக்கியிருக்கும்போதே நிறுவனம் ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவைத்தது. கடிகாரம் வந்த வாரமே நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கூப்பிட்ட ஆள் வெளியே இருக்கிறேன், அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொன்னார். அவர் வரவில்லை. நான் கோபப்படவும் இல்லை. தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பிரேக், கயிறு, கதவுப் பூட்டு எல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் படம் போட்டு இருக்கிறது. அதை நான் எழுதினால் கெட்டுப்போகும். புத்தகத்தில் இல்லாதது ஒன்றுதான்: மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் நின்று என்ன பேசுவது என்பது. நம் தொழிலில் பாதி, அதுவும் கஷ்டமான பாதி, அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

முதலில் 'அஞ்சு நிமிஷம்'. இதைச் சொல்லாதீர்கள். வெளியே நிற்கும் உங்களுக்கு அது ஒரு பேச்சு. உள்ளே நிற்பவரிடம் கைக்கடிகாரம் இருக்கிறது.

அடுத்தது 'பயப்படாதீங்க'. போர்ட் கொச்சிப் பக்கம் ஒரு குடியிருப்பில் ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டார். நான் போனபோது உள்ளே நிம்மதியாக யாரிடமோ மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவில் வாய் வைத்து, என்னிடம் இருந்த அத்தனை கனிவையும் சேர்த்து, "அம்மா, பயப்படாதீங்க" என்றேன். போன் பேச்சு நின்றது. "ஏன், பயப்படற மாதிரி என்ன ஆச்சு?" என்று குரல் வந்தது. அதற்கப்புறம் அவர் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. புளி கேட்டுக்கொண்டிருந்தவரைப் பீதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது லிஃப்ட் அல்ல, என் கனிவு.

தமிழில் நிறையப் படிப்பவன் என்பதால் ஆரம்பத்தில் 'மின்தூக்கி' என்று சொல்லிப் பார்த்தேன். மின்சாரமும் இல்லாமல் தூக்கவும் செய்யாமல் நிற்கும் ஒன்றை அப்படிக் கூப்பிடுவது கிண்டல் செய்வது போல இருந்ததால் விட்டுவிட்டேன்.

சொற்களை எடைபோடுவது எப்படி என்று எனக்குக் காட்டியவர் ஒரு மெக்கானிக் அல்ல. எங்கள் அலுவலகம் அப்போது மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. அங்கே புகார் போன் எடுக்க ஒரு சேச்சி இருந்தார். என்னைவிட இரண்டொரு வயது இளையவராகக்கூட இருக்கலாம். ஆனாலும் எல்லோருக்கும் அவர் சேச்சிதான், அக்காதான். ஸ்பேனரைக் கையால் தொட்டிராதவர். போனைக் காதில் வைத்துக் கேட்பார், வைப்பார். பிறகு நாங்கள் டீயைக் குடித்து முடிக்கலாமா, பாதியில் வைத்துவிட்டு ஓடவேண்டுமா என்று தீர்ப்புச் சொல்வார்.

"ஆள் சாகப் போறான், உடனே வாங்க" என்று ஒருவன் அலறினால், டீ குடிக்கலாம். "எத்தனை தடவை கூப்பிடறது" என்று அதட்டினால், கூடவே ஒரு பழம்பொரியும் தின்னலாம். "அவசரத் திரக்கு ஒண்ணுமில்ல, சமயம் கிடைக்கும்போது ஒண்ணு வந்து பார்த்தா நல்லது" என்று மெல்லிய குரல் வந்தால், சேச்சி எழுந்து நின்றுவிடுவார். காரணம் கேட்டபோது ஒரே வரியில் சொன்னார்.

"கூவறவன் வெளியில நிக்கறவனாக்கும். உள்ள கிடக்கறவன் கூவ மாட்டான். நீங்க ஓடுங்க."

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மட்டாஞ்சேரியில் பழைய கிடங்கு ஒன்றை இடித்துக் கட்டிய ஒரு கல்யாண மண்டபம். சமையல் தரைத்தளத்தில், பந்தி இரண்டாம் மாடியில். பிரியாணி தானாகப் படியேறி வரும் என்று அதைக் கட்டியவர் நம்பியிருக்க வேண்டும். அது வராது என்று தெரிந்த பிறகு பின்பக்கம் ஒரு சரக்கு லிஃப்ட் வைத்தார்கள். முதலில் அதற்குக் கம்பிக் கதவு இருந்தது. விருந்தாளிகள் கண்ணில் பட்டால் அழகாக இருக்க வேண்டுமென்று பளபளக்கும் எஃகுக் கதவாக மாற்றினார்கள். கரண்ட் போனால் உள்ளே எரியவேண்டிய சின்ன விளக்கு செத்து வெகுநாளாகியிருந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் மண்டப மேனேஜரிடம் சொல்வேன். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்வார்: "குழப்பமில்ல."

வெளியூரிலிருந்து கொச்சிக்கு வந்திருப்பவர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே அது 'ஒரு தொந்தரவும் இல்லை' என்ற பொருளில் புழங்கும் மரியாதைச் சொல். காலை மிதித்தால் குழப்பமில்லை. பஸ் போய்விட்டால் குழப்பமில்லை. கால் உடைந்து கட்டுப்போட்டுக் கிடப்பவரைப் பார்க்கப் போனாலும், வந்தவர் மனம் சங்கடப்படக் கூடாதே என்று அவர் முதலில் சொல்வது குழப்பமில்லை. தமிழ் பேசும் நாங்களும் இங்கேயே பிறந்து வளர்ந்ததில் அது எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

அன்று மத்தியானம் அந்த மண்டபத்தில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தாகிவிட்டது. போனில் கூப்பிட்டவர் பெண்ணின் தாய்மாமா. சேச்சி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிரியாணி லிஃப்டில் மாட்டிக்கொண்டது, கரண்ட் போய்விட்டது, மானம் போகப் போகிறது. நான் டீ கிளாசை எடுத்தேன். சேச்சியின் கணக்குப்படி அது டீ குடிக்கும் அலறல்தான். ஆனால் அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிரியாணி தனியா லிஃப்ட்ல ஏறாதல்லோ. இவர் பிரியாணியப் பத்தி மட்டும் பேசறார். கூட யாருன்னு சொல்லல."

டீயை வைத்துவிட்டு ஓடினோம். 'ஓடினோம்' என்றால் நானும் என் கூட்டாளி செபாஸ்டினும். ஸ்கூட்டரை அவன் ஓட்டினான். அவனுக்கு என்னைவிட நல்ல முட்டி, என்னைவிட மோசமான பிரேக்.

மண்டபத்தின் இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் ஒரு கூட்டம். நடுவில் தாய்மாமா, பட்டுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டி முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றிருக்கிறது என்றார். உள்ளே இரண்டு செம்பு பிரியாணி என்றார். தமிழ்நாட்டில் தேக்சா என்பார்களே, ஆள் உட்காரும் அளவுப் பாத்திரம், அது. யார் உள்ளே என்று கேட்ட பிறகு, "பண்டாரி இக்காவும் உண்டு" என்றார். பண்டாரி என்றால் பிரியாணி சமைப்பவர், இக்கா என்றால் அண்ணன். அந்த 'உம்' எனக்கு நினைவில் நிற்கிறது.

இந்தப் பண்டாரியை எனக்கு முகம் தெரியும். எங்களைப்போலவே தலைமுறைகளாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். அறுபதைத் தாண்டியவர். மட்டாஞ்சேரியில் பாதிக் கல்யாணங்களுக்கு நாள் குறிப்பதே அவருக்கு ஒழிந்த நாள் பார்த்துத்தான். கதவில் தட்டிக் கூப்பிட்டேன்.

"இக்கா, லிஃப்ட் ஆள் வந்திருக்கேன். உள்ள எப்படி இருக்கு?"

"குழப்பமில்ல தம்பி. பையச் செஞ்சா போதும்."

"மூச்சு முட்டுதா?"

"அதெல்லாம் குழப்பமில்ல."

கூட்டம் பெருமூச்சு விட்டது. தாய்மாமா, பார்த்தாயா, அவருக்கு ஒன்றுமில்லை, முதலில் ஜெனரேட்டரைப் போடச் சொல்லு, பெட்டி தானாக மேலே வந்துவிடும் என்று அவசரப்படுத்தினார். நியாயமான பேச்சுதான். புத்தகமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது: உள்ளே இருப்பவர் நலமாக இருந்தால் பதற்றப்படாமல் மேலே இயந்திர அறைக்குப் போய் முறைப்படி வேலையைத் தொடங்கு. நானும் படிப் பக்கம் திரும்பிவிட்டேன். ஆனால் அந்தக் குரல் மெதுவாக இருந்தது. சேச்சி எழுந்து நிற்கும் குரல். அதனால் சும்மா, ஒரு பேச்சுக்கு, இன்னொன்று கேட்டேன்.

"இருட்டா இருக்குமே இக்கா?"

"இல்ல தம்பி. வெளிச்சம் இருக்கு."

அந்த லிஃப்டின் விளக்கு செத்தது எனக்குத் தெரியும். செத்துப்போனதை மேனேஜருக்கு அத்தனை தடவை சொன்னவன் நான்தானே. கரண்ட் இல்லை. கதவு எஃகு. பிறகு எந்த வெளிச்சம்?

"என்ன வெளிச்சம் இக்கா? போன் லைட்டா?"

"போன் கீழ அடுப்படியில இருக்கு. இது செம்பு மேல கனல் கிடக்கில்லே, அதுதான். நல்ல செவப்பா இருக்கு."

இங்கே பிரியாணிக்குத் தம் போடும்போது செம்பின் வாயை மைதா மாவால் ஒட்டி அடைத்து, மூடியின் மேல் நெருப்புக் கனலை அள்ளிப் பரப்புவார்கள். மேலும் கீழும் சூடு ஏறினால்தான் தம். இடம் மாற்றும்போது கனலைத் தட்டிவிட்டுத்தான் எடுப்பது வழக்கம். அன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால், பந்தியில் வைத்து, கனல் மின்ன மின்ன மூடியைத் திறக்க வேண்டும் என்று தாய்மாமாவுக்கு ஓர் ஆசை. பண்டாரியும் மறுக்கவில்லை. கம்பிக் கதவு இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறார்களாம்.

கனல் என்றதும் தாய்மாமாவின் முகம் தெளிந்தது. "அப்ப தம் போகல்ல" என்றார்.

அடைத்த பெட்டிக்குள் கனல் கிடந்தால் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு மணம் கிடையாது. இருமல் வராது. தூக்கம் வருவது போல வந்து ஆளைச் சாய்த்துவிடும்.

"இக்கா, உறக்கம் வருதா?"

"கொஞ்சம் கண்ணு சொக்குது. விடியறதுக்கு முன்னயே எந்திரிச்சேன்ல. சுவர்ல சாய்ஞ்சு உக்காந்திருக்கேன். குழப்பமில்ல."

என் முட்டி எனக்குப் போனது அப்போதுதான் என்று மனைவி சொல்வாள். மருத்துவர் ஒத்துக்கொள்வதில்லை.

புத்தகத்து வரிசையைத் தள்ளிவைத்தேன். செபாஸ்டினை மாடி உச்சிக்கு அனுப்பினேன். போய் மெயின் சுவிட்சை இறக்கு, நான் சொல்லும்வரை யார் வந்து கெஞ்சினாலும் ஏற்றாதே, நான் சொன்ன பிறகு பெட்டியைக் கையால் இறக்கு. நான் கதவைத் திறக்கும்போது ஜெனரேட்டர் உயிர்பெற்றுப் பெட்டி நகர்ந்தால் பிரியாணிக்கும் பண்டாரிக்கும் கூடவே என் கைக்கும் கதை முடிந்தது. ஜெனரேட்டரைப் போடக்கூடாது என்று நான் சொன்னதும் தாய்மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவரும் அளவுக்கு நான் படிக்கவில்லை.

உச்சியிலிருந்து செபாஸ்டினின் விசில் கேட்டதும் சாவி போட்டு மாடிக் கதவைத் திறந்தேன். பெட்டியின் மேல் பாதி தரைக்கு மேலே தெரிந்தது. பந்திக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கடப்பாறையால் பெட்டிக் கதவை நெம்பினேன். ஒரு கை நுழையும் இடுக்கு விழுந்தது, அதற்கு மேல் கதவு அசையவில்லை. அதன் வழியே சூடும் மணமும் சேர்ந்து வந்து முகத்தில் அறைந்தன. பின்னால் நின்றவர்கள் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து "ஹா" என்றார்கள்.

"இக்கா, எந்திரிச்சு வந்து இந்த இடுக்குல மூக்கை வைங்க."

வந்தார். கண் பாதி மூடியிருந்தது. அந்த இடுக்கு ஒன்றும் பெரிதில்லை. உள்ளே கனல் கிடக்கும்வரை அது போதாது.

"கனலை இப்ப அணைக்கணும் இக்கா."

"அது முடியாது தம்பி. தம் உடைஞ்சிடும்."

பின்னாலிருந்து தாய்மாமா முதல்முறையாகப் பிரியாணியை விட்டு ஆளுக்கு வந்தார். "உயிர் போயிடும் இக்கா" என்று அலறினார்.

"நிக்காஹ் வீட்டுல என்ன பேச்சு இது" என்று பண்டாரி கடிந்துகொண்டார். கடிந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

நெருக்கடிக்கு என்று நம்மிடம் எத்தனையோ பெரிய சொற்கள் இருக்கின்றன. உயிர், ஆபத்து, ஐயோ. அத்தனையும் அந்த இடுக்கின் வாயிலேயே விழுந்து கிடந்தன. அவருக்குத் தம் உடைவதுதான் ஆபத்து. அந்தப் பாஷையில் பேசினால்தான் கனலை அணைப்பார்.

"செம்பு வாயில மாவு ஒட்டினது யாரு இக்கா?"

கண் திறந்தது. "நான்தான். வேற யாரு."

"அது விடுமா?"

"என் கையால ஒட்டினது விடுமா?"

"அப்ப மேல கனல் அணைஞ்சா என்ன? ஏறின சூடு உள்ளதானே நிக்கும்?"

யோசிக்கிறாரா உறங்குகிறாரா என்று தெரியவில்லை. நான் காதை இடுக்கில் வைத்தேன்.

"தண்ணி இல்லையே" என்றார் கடைசியில்.

"வேற என்ன இருக்கு?"

"சள்ளாஸ் ஒரு வாளி."

சள்ளாஸ் என்பது பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஊற்றச் சொன்னேன். தன் வாழ்க்கையில் இப்படி ஒரு காரியத்தைச் செய்ததில்லை என்பது போல ஒரு முனகல். பிறகு 'சுர்' என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு 'சுர்'. உள்ளே வெளிச்சம் போனது. வறுத்த வெங்காயமும் கருகிய தயிரும் கலந்த ஒரு மணம் வந்தது. அதற்கு இன்றுவரை எந்த மொழியிலும் பெயர் தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. மூக்கை இடுக்கில் வைத்தபடியே அவர் மறுபடி சொக்கினார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'எப்படி இருக்கு' என்று மட்டும் கேட்கக் கூடாது என்று அதற்குள் புரிந்திருந்தது.

"இக்கா, உங்க மசாலாவுல கடைசியா என்னமோ ஒண்ணு சேர்ப்பீங்களாமே, அது என்ன?"

இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன. "அது எதுக்கு உனக்கு?"

"ஜாதிபத்திரின்னு சொல்றாங்க."

"எவன் சொன்னான்?"

"அப்ப ரோஜா மொட்டா?"

அவர் மருமகனால்கூட அந்த ரகசியத்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லையாம். நான் மட்டாஞ்சேரிக் கடைகளில் கிடைக்கும் சரக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, அவர் ஒவ்வொன்றுக்கும் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். திட்டு வலுத்துக்கொண்டே போனது. அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை. அது போதும் என்று பட்டதும், முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், பெட்டி கீழே இறங்கும், முதல் மாடியில் நான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு மேலே குரல் கொடுத்தேன். செபாஸ்டின் துளித்துளியாகப் பெட்டியை இறக்கினான். தாய்மாமாவை அந்தத் திறந்த கதவுக்குக் காவல் நிறுத்திவிட்டு நான் படியில் இறங்கினேன். ஓடி இறங்கினேன் என்று எழுத ஆசைதான்.

முதல் மாடிக் கதவு திறந்ததும் பண்டாரி தானே நடந்து வெளியே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம். முடியாது என்றார். செம்பைத் திறந்து பார்க்காமல் வரமாட்டாராம். சன்னலோரம் உட்காரவைத்து, அவர் கண் முன்னாலேயே மூடியில் அப்பியிருந்த தயிரைத் துடைத்து, மாவை உடைத்தோம். ஆவி கூரைக்குப் போனது. எட்டிப் பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். "ம்" என்றார். அதன் பிறகுதான் அவர் கால் மடிந்தது.

வாசலில் நெரிசலில் சிக்காமல் நின்றிருந்த ஒரே வண்டி மாப்பிள்ளையுடையது. பூவும் ரிப்பனுமாகப் பண்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனார். மூக்கில் குழாய் வைத்துச் சாயங்காலம்வரை படுக்கவைத்தார்கள். தேறிவிட்டார். மறுநாள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. பந்தியில் சள்ளாஸ் இல்லாமல் போனதற்கு லிஃப்ட்காரர்கள்தான் காரணமாம். சேச்சி ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் இருப்பவரிடம் நான் 'எப்படி இருக்கு' என்று கேட்பதில்லை. நிற்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா? கையில் என்ன வைத்திருக்கிறீர்கள்? என்ன தெரிகிறது? மரியாதையால் மூடிவிட முடியாத கேள்விகளாகக் கேளுங்கள். நலமா என்று கேட்டால் இந்த ஊரில் யாரும் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள்.

இதை எழுத உட்கார்வதற்கு முந்தின வாரம் பண்டாரி என்னை விருந்துக்குக் கூப்பிட்டார். இப்போது மகளோடு இடக்கொச்சியில், ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருக்கிறார். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பழுது. நம் நிறுவனத்தது அல்ல என்பதை மட்டும் பார்த்து உறுதி செய்துகொண்டு படியேறினேன். இரண்டு மாடி தாண்டியதும் முட்டி கைவிட்டுவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு திருப்பத்தில் இருந்தேன். மேலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"என்ன தம்பி, ஏற முடியலையா?"

"குழப்பமில்ல இக்கா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் கைப்பிடி மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"நிக்கறியா, உக்காந்திருக்கியா?"

"உக்காந்திருக்கேன்" என்றேன்.

செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. ஒரு கையில் தட்டு, மறு கையில் கிண்ணம். எனக்கு ஒரு படி மேலே உட்கார்ந்து தட்டை என் மடியில் வைத்தார். இந்த முறை சள்ளாஸ் இருந்தது.